பெயரடைவு

பெருங்குடியில் ஆறாவது மாடி.
ஏசி குளிருக்குத் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு
ஒரு தேசத்தின் ஓராண்டை
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்குள் அடுக்குகிறேன்.
கடலுக்குள் எங்கேயோ கிடக்கும் தீவு.
மொத்த சனத்தொகை பதினோராயிரத்துச் சொச்சம்.
"எங்க ரேஷன் கடைக் கார்டே இதைவிட ஜாஸ்தி"
என்றாள் பக்கத்து சீட் தவுலத் நிஷா.
அவளுக்கு அந்த மாதம் பல் மருத்துவப் புத்தகம்.

ஜனவரியில் நாட்டின் முதல் சிக்னல் விளக்கு.
பிரதமரே பொத்தானை அமுக்கினார்.
பச்சைக்குக் காத்து நின்றவை
இரண்டு லாரி, ஒரு பன்றி.
படத்தில் பன்றி பாதி வெட்டுப்பட்டிருந்தது.
ஓரத்தை இழுத்து முழுசாக்கினேன்.
மார்ச்சில் ஒரு வாக்கில் கவிழ்ந்தது அரசு.
ஏப்ரலில் அதே ஒரு வாக்கில் எழுந்தது.
மனசு மாறிய உறுப்பினருக்கு
இரண்டு படத்திலும் அதே பூப்போட்ட சட்டை.
மே: அரிசிக் கப்பல் பதினேழு நாள் தாமதம்.
அதற்குப் படமில்லை,
பிஸ்கட் விளம்பரம் வைக்கச் சொன்னார்கள்.
ஜூலையில் கால்பந்து.
ஒன்பதுக்கு ஒன்று எனத் தோற்றார்கள்.
அந்த ஒன்றுக்காக மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை.
இதை வாய்விட்டுப் படித்தேன்.
சிரிக்காத டீம் லீடர் பெலிக்ஸ்கூடச் சிரித்தார்.

ஒரு நாட்டை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கூடாது.
ஸ்பெல்லிங் பார்க்க வந்தவளுக்கு
துறைமுக குமாஸ்தாவின் பணி ஓய்வு வரை தெரிகிறது.
அவர்களுக்கு நான்
'அச்சுக்கோர்ப்பு: சென்னை'
ஆறு பாயிண்ட் எழுத்தில், கடைசி அட்டைக்கு உள்ளே.

செப்டம்பர். பக்கம் எழுபத்து மூன்று.
வடகோடியில் ஓர் ஊர், நாற்பத்தாறு வீடு.
கடல் வாசல் வரை வந்து, அப்புறம் அடுப்பு வரை வந்து,
கிணறும் உப்பானபின்
அரசு மூன்று படகு அனுப்பியது.
தலைப்பு: வெற்றிகரமான இடமாற்றம்.
படத்தில் ஒருத்தி
கதவை மட்டும் தலையில் வைத்து நடக்கிறாள்.

எங்களுக்கு லாரி வந்தது.
சைதாப்பேட்டை ஆற்றோரம், வெள்ளம் வடிந்த சில மாசத்தில்.
கிரைண்டரை முதலில் ஏற்று என்று அம்மா கத்தினாள்.
டோக்கன் நம்பரை என் புறங்கையில் பேனாவால் எழுதினார்கள்.
பெரும்பாக்கம், ஏழாவது மாடி, லிஃப்ட் ஓடாத பிளாக்.
மறுநாள் பேப்பரில் நாங்களும்
ஏதோ ஒரு தலைப்புக்குக் கீழே இருந்திருப்போம்.
யார் உட்கார்ந்து அடுக்கினார்களோ.

நவம்பரில் திருத்தம் வந்தது.
வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை.
செருப்பைக் கையில் பிடித்து ஆபீஸ் வந்து சேர்ந்தேன்.
திரையில் சிவப்புக் குறிப்பு:
பக்கம் ஐந்து, தேசப்படம்,
வடகோடி ஊர்ப் பெயரை எடுத்துவிடவும்.
ஏன் என்று மெயில் போட்டேன்.
இப்போது அங்கே ஊர் இல்லை என்று
மரியாதையாகவே பதில் வந்தது.
எடுத்தேன்.
அந்த இடத்தை நீலத்தால் நிரப்பவும் என்றார்கள்.
நிரப்பினேன்.
சம்பளம் அதற்குத்தானே.

கடைசி நான்கு பக்கம் பெயரடைவு.
அதற்கு யாரும் திருத்தம் அனுப்புவதில்லை.
அகர வரிசையில்
பன்றிக்கும் பிரதமருக்கும் நடுவே
அந்த ஊர் இன்னும் இருந்தது.
காண்க: பக்கம் ஐந்து.
பக்கம் ஐந்தில் கடல்தான் இருக்கிறது.
அந்த வரியின் முனையில்
கர்சர் துடித்துக்கொண்டே நின்றது.
"கேப் வந்துருச்சுடி, கிளம்பலையா?"
அப்படியே சேமித்து மூடினேன்.

மழை நாளில் கேப் எங்கள் பிளாக் வரை வராது.
டிரைவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.
"எங்கம்மா உங்க வீடு?
மேப்புல வெறும் சதுப்பு நிலம்னு வருது."